முதுகில் கட்டிய பொம்மை

அத்தியாயம் 11

செர்வாவுக்குக் குரல் வளம் உண்டு என்பதைக் குமாசி நகரமே கண்டுகொண்டதைப் போன வாரம் பார்த்தோம். கெஜேத்தியா சந்தைக்கு எதிரே மேடம் பிராகோவின் பொம்மைக் கடையில் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தவளை, மேடமே இழுத்து உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுத்தாள். "நல்லாச் சிரிச்சுப் பேசுடி, வயித்துல இருக்கற ஏழு மாசத்துக்கும் கேக்கட்டும்" என்று சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். அன்றிலிருந்து கடை வாசல் ஒலிபெருக்கி காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் கடை அடைக்கும்வரை ஓய்வதில்லை.

"இளவரசனுக்கு நீலப் பக்கம்! இளவரசிக்கு ரோஜாப் பக்கம்! பக்கம் மாறிப் போயிடாதீங்கம்மா, மாறினா அப்புறம் மாத்த முடியாது!"

கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வடக்கே தாமலேயில் கொத்தனார் வேலைக்குப் போயிருக்கும் புருஷன் ஓபோகுகூட போனில் அதைக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை சிரி" என்றான். அசடு. இவளும் சிரித்துத் தொலைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே சிரிப்பு அவள் குரல்வளையைப் பிடித்தது.

மகன் டுவா பள்ளிக்கூடம் போய் அரை மணி ஆகியிருந்தது. பருவத்தின் கடைசி நாள். அன்றைக்குப் பாடம் கிடையாது. பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சோறும் பிஸ்கட்டும் பாட்டிலும் எடுத்துப் போய், ஆடிப் பாடித் தின்றுவிட்டு வருகிற 'நம்ம நாள்'. விடியற்காலையில் எழுந்து தக்காளி போட்ட ஜொலோஃப் சோறு செய்து, மேலே ஒரு கோழிக்கால் வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டே தெருமுனை வரை போனான்.

செர்வா கஞ்சி வாங்கத் தெருவில் நின்றாள். கஞ்சிக்காரி எஸி, கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"செர்வா, கோவிச்சுக்காத. இது உன் புள்ளைதானே?"

திரையில் டுவா. கடையின் ரோஜாப் பக்கத்தில், பொம்மை அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறான். முதுகில் ஒரு குழந்தை பொம்மை. செர்வாவின் பழைய பச்சைத் துணியால், அம்மாக்கள் கட்டுவதுபோலவே கட்டியிருக்கிறான். முன்னே குனிந்து, பின்னே கையால் தட்டிக் கொடுத்து, தூங்க வைக்கிறான். பொம்மை நழுவுகிறது. நிறுத்திச் சரிசெய்கிறான். மறுபடி நடக்கிறான்.

அதன்மேல் அவளுடைய குரல்.

"பக்கம் மாறிப் போயிடாதீங்கம்மா, மாறினா அப்புறம் மாத்த முடியாது!"

அப்புறம் அந்தச் சிரிப்பு.

செர்வாவுக்குக் கஞ்சிப் பாத்திரம் சாய்ந்து காலில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

"உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"என் தம்பி பொண்டாட்டி அனுப்பினா. அவளுக்கு ஒபுவாசிலேருந்து வந்துச்சாம். என்னடி, உன் மேடம்தானே போட்டிருக்கா? கடைப் பேரு கீழ ஓடுது பாரு. கிறிஸ்துமஸ் விளம்பரமாம்."

கடைப் பேருக்குக் கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருந்ததையும் செர்வா படித்தாள். படித்திருக்கக் கூடாது. 'கோஜோ பேசியா' என்று ஒருவன் எழுதியிருந்தான். பெண் நடை நடக்கும் ஆணை எங்கள் ஊரில் குத்துகிற பெயர் அது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கல்யாணத்தில் கூப்பிடுவார்கள், சாவில் கூப்பிடுவார்கள். அதற்குக் கீழே இன்னொருவன்: 'இப்பவே அடிச்சுத் திருத்தலேன்னா நாளைக்கு ஊரே திருத்தும்.'

ஊரே திருத்தும் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

டுவா எதற்காகப் பொம்மையைக் கட்டினான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன செவ்வாய்க்கிழமை கேட்டான். "பாப்பா வந்தப்புறம் நீ கடைக்குப் போவியாம்மா?" போய்த்தானே ஆகணும் என்றாள். "அப்ப யார் முதுகுல இருக்கும்?" அவள் வேலை அவசரத்தில், "உன் முதுகுலதான், வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதை அந்தப் பிள்ளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பள்ளி விட்டுக் கடைக்கு வந்த நேரத்தில் ஒத்திகை பார்த்திருக்கிறது; மேடம் அதைப் படம் பிடித்துவிட்டாள்.

இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அண்ணன் சார்பாங். ஏற்கெனவே மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.

செர்வா எடுக்கவில்லை.

சார்பாங்கைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சுவாமே பட்டறைப் பேட்டையில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறவர். டுவாவுக்குத் தாய்மாமன், 'வோஃபா'. எங்கள் அசாந்தி வழக்கத்தில் தகப்பன் பேர் வைப்பான், சோறு போடுவான். பிள்ளை யாருடையது என்று கேட்டால் எல்லோரும் தாய்மாமனைத்தான் கை காட்டுவார்கள். பட்டறையும் சார்பாங்குக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போகாது, தங்கை மகன் டுவாவுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "பையனுக்கு எட்டாயிடுச்சு. என்கிட்ட அனுப்பு, நான் ஆளாக்கறேன்" என்றார். செர்வா கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்தாள். ஏன் கெஞ்சினாள்? அண்ணன் சிரித்து அவள் பார்த்ததில்லை. இடது புருவத்துக்கு மேல் நீளத் தழும்பு. பட்டறையில் பையன்கள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த வருஷத் தவணை இன்றைக்குக் காலையோடு போயிற்று என்று செர்வாவுக்குப் புரிந்தது. இந்த வீடியோவைப் பார்த்த பிறகு அவர் கேட்க மாட்டார். எடுத்துக்கொள்வார்.

முதலில் வீடியோவை அழிக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கடைக்கு ஓடினாள்.

*

கடையில் ஈ நுழைய இடமில்லை. வடக்கேயிருந்து வீசும் டிசம்பர்ப் புழுதிக் காற்று எல்லோர் உதட்டையும் வெடிக்க வைத்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். இடது பக்கம் முழுக்க நீலம்: லாரி, விமானம், துப்பாக்கி, கட்டை அடுக்கு. வலது பக்கம் முழுக்க ரோஜா: அடுப்பு, துடைப்பம், தொட்டில், குழந்தை. நடுவே தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் போன மாதம் பெயின்ட் வாங்கி வந்து போட்டவள் செர்வாதான்.

மேடம் பிராகோ பட்டுத் தலைக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தாள்.

"வாடி என் ராசாத்தி! உன் மகன் நம்ம கடையைத் தூக்கி நிறுத்திட்டான்!"

"மேடம், அதை அழிச்சிடுங்க."

"எதை?"

"வீடியோவை. உங்க கால்ல விழறேன் மேடம். அவன் சின்னப் புள்ளை."

மேடத்துக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அடியே, யாரு அவன் பேரைச் சொன்னா? மூஞ்சி பாதிதான் தெரியுது. விளையாட்டுக்குப் போட்டதுடி. ஜனங்க சிரிக்குது, கடைக்கு வருது. சிரிச்சா என்ன கெட்டுப்போச்சு?"

"கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"எழுதறவன் எழுதுவான். நீ வியாபாரத்தைப் பாரு." மேடம் குரலைத் தாழ்த்தினாள். அன்பாகவே பேசினாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இங்க பாரு. முன்னெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு பொம்மை வாங்குவாங்க. அண்ணனும் தங்கச்சியும் அதையே வெச்சு விளையாடும். ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த புள்ளைக்கும் அதேதான். நான் எப்படிக் கடை நடத்தறது? இப்போ? அண்ணனோட நீல வண்டியைத் தங்கச்சி தொட மாட்டா. தங்கச்சியோட ரோஜா சைக்கிளைத் தம்பி ஓட்ட மாட்டான். ஒண்ணு வாங்கின வீட்டுல ரெண்டு. புரியுதா? அந்தப் பயம் இருந்தாத்தான் நமக்குக் கஞ்சி."

"அந்தப் பயத்துக்கு என் புள்ளைதானா கிடைச்சான்?"

"குரல் யாருது? என்னுதா? நீதானே சொன்ன, மாறினா மாத்த முடியாதுன்னு? நான் எழுதிக் கொடுத்ததுல அந்தக் கடைசி வரி இல்லை. நீயா சேர்த்தது."

மேடம் சொன்னது நிஜம். வாயில் வந்ததைச் சேர்த்துச் சொன்னாள், எல்லோரும் கைதட்டினார்கள், அவள் பூரித்துப் போனாள். இப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி அதே வரியைக் கத்திக்கொண்டிருந்தது. வாங்க வந்த ஒரு அம்மா, ரோஜாப் பக்கம் தத்தித் தத்திப் போன தன் பொடியனை முதுகில் ஒன்று வைத்து நீலப் பக்கம் இழுத்தாள். பொடியன் வீறிட்டான்.

"நீ அழுவாத போடி," என்றாள் மேடம் செர்வாவிடம். "நாளைக்குக் காலைல ரவுண்டானாவுல பெரிய பேனர் கட்டறேன். அதுல முழு மூஞ்சியும் தெரியும். உன் மகன் நட்சத்திரம் ஆயிடுவான், பாரேன்."

"பேனரா?"

"அச்சுக்குப் போயாச்சுடி."

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை செர்வா எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருக்கும் தெம்புகூட அவளுக்கு இல்லை.

"புள்ள எங்க?" அண்ணன் குரல்.

"ஸ்கூல்ல... அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

வைத்துவிட்டார்.

*

கிறிஸ்துமஸ் நெரிசலில் குமாசியில் வண்டி நகர்வதில்லை. ட்ரோட்ரோ வேனுக்குள் பதினைந்து பேர் நடுவில் நசுங்கிக்கொண்டு செர்வா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாப்பா உதைத்தது. பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் போனைக் காட்டிச் சிரித்தார்கள். அது என்ன வீடியோ என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாதி வழியில் இறங்கி நடந்தாள். பிறகு ஓடினாள். ஏழு மாத வயிற்றோடு ஓடுகிறவளைப் பார்த்து வாழைக்காய் வறுக்கிறவள், "அம்மா, பிரசவ ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்!" என்று கத்தினாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பிள்ளைகள் வட்டம் கட்டி ஆடிக்கொண்டிருந்தன. செர்வா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். புதுச்சட்டை, புதுச்சட்டை, புதுச்சட்டை. டுவா இல்லை.

ஒரு சிறுமி அவளைப் பார்த்துவிட்டாள். தோழியின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு ராகம் போட்டாள்: "மாறினா அப்புறம் மாத்த முடியாது!" கூடவே அந்தச் சிரிப்பு. அச்சு அசல் செர்வாவின் சிரிப்பு. ஏற்ற இறக்கம் ஒன்றுகூடப் பிசகவில்லை. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து சிரித்தன.

டீச்சர் அட்டா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிப் போனாள். டுவாவின் மேஜைமேல் சோற்று டப்பா திறக்காமல் இருந்தது.

"எங்க டீச்சர் அவன்?"

"பசங்க காலைலயே ஆரம்பிச்சிட்டாங்கம்மா. புத்தகப் பையை அவன் முதுகுல கட்டி ஊர்வலம் விட்டாங்க. நான் வர்றதுக்குள்ள..." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேஜைக்கு அடியில போய் உக்காந்துட்டான். எவ்வளவு கூப்பிட்டும் வரலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். 'டீச்சர், அது எங்கம்மா குரலா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பொய் சொல்ல வரலைம்மா."

செர்வா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எங்க அவன்?"

"அவனோட வோஃபா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. அரை மணி ஆச்சு."

"அவரோட ஏன் அனுப்பினீங்க?" செர்வா அலறியே விட்டாள்.

டீச்சர் திகைத்துப் போனாள். திகைப்பில் நியாயம் இருந்தது. தாய்மாமன் வந்து கேட்டால் எந்த அசாந்திப் பள்ளிக்கூடம் மாட்டேன் என்று சொல்லும்? அம்மா அனுமதித்தாளா என்று கேட்பதே அவருக்கு அவமரியாதை. "வோஃபா கேட்டா நான் எப்படிம்மா முடியாதுங்கறது? ஒரு வார்த்தை பேசலை அவர். மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்தார். கையை நீட்டினார். பையன் எழுந்து வந்துட்டான். முகம்தான்... அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமா இருந்துச்சு."

சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு செர்வா வெளியே வந்தாள். பின்னால் அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளக் கை வரவில்லை. அது அவளுடையதுதானே.

*

சுவாமே பேட்டையில் வழி சொல்ல முடியாது. லாரிகளின் எலும்புக்கூடு, டயர் மலை, கரும்புகை, சம்மட்டிச் சத்தம். செர்வா எண்ணெய்ச் சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தாள். நடக்க நடக்க மனசு என்னென்னவோ கண்டது. பெல்ட்டைக் கழற்றுகிற அண்ணன். வெறும் முதுகோடு நிற்கிற டுவா. இந்நேரம் ஏதாவது வண்டியில் ஏற்றி எங்கேயாவது அனுப்பியிருந்தால்? கண்காணாத ஊரில் ஏதாவது முகாமில் போட்டு 'ஆம்பளையாக்கறோம்' என்பார்களே, அங்கே? ஓபோகுவுக்கு என்ன பதில் சொல்வது? வயிற்றில் இருப்பது கேட்டால் அதற்கு என்ன சொல்வது?

பட்டறை வாசலில் பையன்கள் சும்மா நின்றிருந்தார்கள். ஒருவனும் வேலை செய்யவில்லை. 

"எங்கடா அவரு?"

ஒருவன் கழற்றிப் போட்ட லாரித் தலைக்குப் பின்னால் கை காட்டினான். "யாரும் வரக்கூடாதுன்னு சொன்னார் அக்கா."

அங்கிருந்து சார்பாங்கின் குரல் கேட்டது.

"இறுக்கு! இன்னும் இறுக்கு! அழுதா விட்டுடுவேனா?"

டுவா விசும்புவதும் கேட்டது.

செர்வா கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது.  எப்படியோ லாரித் தலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள்.

டுவா குனிந்து நின்றிருந்தான். அவன் முதுகில், பழந்துணியில் சுற்றிய ஒரு பருத்த லாரி ஆயில் ஃபில்டர். அதன்மேல் பச்சைத் துணி. காலையில் பையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறான் போலும். அண்ணன் தரையில் மண்டி போட்டு, கிரீஸ் அப்பிய கையால் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேல் முனையை நெஞ்சுல சொருகினா மட்டும் போதாதுடா. பாத்தேனே வீடியோவுல, பாப்பா தொங்குது! கீழ் முனை. இதுதான் புள்ளையைத் தாங்கறது. குண்டிக்கு அடியில குடுத்து, இடுப்புல சுத்தி, இறுக்கு. ம், இப்ப நிமிரு. நடந்து காட்டு."

டுவா நிமிர்ந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலடி நடந்தான். ஃபில்டர் அசையவில்லை.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தான். பார்த்ததும் ஓடி வரவில்லை. மாமனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

செர்வா அத்தனை நேரம் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று அந்த ஒரு கணத்தில் ஆயிற்று. இதுதான் பயம்.

"நீ ஏம்மா சிரிச்ச?" என்றான்.

அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சமாளிக்கலாம், மேடம்மீது பழியைப் போடலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"குரல் என்னுதுதான்டா. சிரிப்பும் என்னுதுதான். உன்னைப் பாத்து சிரிக்கலை. நீ பொம்மை கட்டறதுக்கு முந்தியே பதிவு பண்ணினது. வேற யாரோ புள்ளைங்களைச் சொல்றோம்னு நெனச்சு சிரிச்சேன். நீயும் யாரோ ஒரு புள்ளைதான்னு எனக்கு உறைக்கலை. தப்பு. பெரிய தப்பு."

டுவா மாமனின் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

சார்பாங் எழுந்து கையைத் துணியில் துடைத்தார். "இங்கேயே இருக்கட்டும் அவன். இன்னையிலேருந்து."

"அண்ணே..."

"அடிக்க மாட்டேன். அதுக்கா கூட்டிட்டு வந்தேன்? உன்னை யாரு முதுகுல சுமந்தான்னு நெனச்ச?"

செர்வாவுக்குப் புரியவில்லை.

"அம்மா தக்காளி விக்க விடியக்காலைல போயிடுவா. எனக்கு ஒம்பது வயசு. உன்னை முதுகுல கட்டிக்கிட்டு கோலிக்குண்டு விளையாடுவேன், தண்ணி எடுப்பேன், எல்லாம். ஒருநாள் குழாயடியில பசங்க 'கோஜோ பேசியா'ன்னு கத்திக் கல்லெடுத்து அடிச்சானுங்க." அவர் விரல் புருவத்துக்கு மேலே போயிற்று. "திரும்பி ஓடியிருக்கலாம். ஓடினா முதுகு அவங்க பக்கம் வரும். முதுகுல நீ இருந்த. அதனால அவங்களைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

செர்வா அந்தத் தழும்பை முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். லாரியிலிருந்து விழுந்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"அன்னிக்கோட சரி. அதுக்கப்புறம் உன்னை நான் தொட்டதே இல்லை. சிரிச்சா பொம்பளைச் சிரிப்புன்னு சொல்லிடுவாங்களோன்னு சிரிக்கறதையும் விட்டேன். அதான் சொல்றேன், பையனை இங்க விடு. என் பட்டறைக்குள்ள கல்லெடுக்க எவனுக்கும் கை வராது."

பெரிய மனுஷன் குரல் உடைந்ததை அவள் அன்றுதான் கேட்டாள். கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"ஒம்பது வயசுல நீ ஓடலை அண்ணே. எட்டு வயசுல அவனை ஓடி ஒளியச் சொல்றியே."

சார்பாங் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.  சம்மட்டிச் சத்தம் பக்கத்துப் பட்டறையிலிருந்து டங் டங் என்று வந்துகொண்டிருந்தது. பேனர் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று செர்வா நினைத்தாள். நாளைக் காலையில் ரவுண்டானாவில் இந்த முகம் ஆளுயரத்துக்குத் தொங்கப் போகிறது. 

போன் அடித்தது. ஓபோகு.

அவள் காதில் வைப்பதற்குள்ளேயே கத்தினான். பின்னால் பஸ் இரைச்சல். "எல்லாப் பயலும் பாத்துட்டான்! சாந்து கலக்கறவன்லேருந்து மேஸ்திரி வரைக்கும் சிரிக்கறான்! அது என் புள்ளையா? சொல்லுடி! நான் பஸ் ஏறிட்டேன். சாயந்தரத்துக்குள்ள வந்துடுவேன். வந்து அவன் கால் ரெண்டையும்..."

 டுவாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். முதுகிலிருந்த ஃபில்டரைப் பின்னால் கைவிட்டு அணைத்துக்கொண்டான்.

சார்பாங் அதைப் பார்த்தார்.  பிறகு கையை நீட்டினார். செர்வா போனைக் கொடுத்தாள்.

"மச்சான், சார்பாங் பேசறேன்."

எதிர்முனை சட்டென்று அடங்கியது. மனைவியின் அண்ணன்முன் எந்தப் புருஷனும் சத்தம் போட மாட்டான்.

"அந்த வீடியோவுல இருக்கறது யாருன்னு கேட்டியாமே." சார்பாங் தொண்டையைச் செருமினார். வாசலில் நின்ற பட்டறைப் பையன்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான்தான். கேட்டுச்சா? அது நான்தான். கால் ரெண்டையும் உடைக்கணும்னா நேரா என் பட்டறைக்கு வா. காத்துக்கிட்டிருக்கேன்."

பையன்களில் ஒருவனும் சிரிக்கவில்லை.

டுவா மாமனின் சட்டையை விட்டான். மெல்ல நடந்து வந்து அம்மாவின் பக்கத்தில், அவளைத் தொடாமல், நின்றுகொண்டான்.

செர்வா அண்ணன் கையிலிருந்த போனின் திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. ஓபோகு பேசவுமில்லை, போனை வைக்கவுமில்லை.